நாலு-மூணில் ஒரு வரி

இன்று காலை நாலு-மூணில் எலி உட்கார்ந்திருந்தது.

கணினித் திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது: "4.3 எலித் தொல்லை." அதற்கு மேலே "4.2 அழுகல் நோய்", கீழே "4.4 காட்டுப்பன்றி". எண்கள் எல்லாம் கான்வென்ட்டில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரு நூல் பிசகாமல் நின்றன. அப்படி நிற்கவைக்கத்தான் சில நாட்களாகப் போராடிக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு பார்த்தால், உங்களுடைய நாலு-மூணைக் காணோம்.

எலியின் இடம் நாலு-நாலு. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சிலமலையில் தலை நரைத்த எல்லாருக்கும் தெரியும்.

உங்கள் ஏலத்தோட்டக் குறிப்புகள் புத்தகமாகின்றன. நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து மலைக்கு அனுப்பினோமே, அந்தத் தாள்கள்தான். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் தோட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன தாள்களை மேசைமேல் வைத்து, "இதப் பொஸ்தகமாப் போட்டுக் குடுத்துருங்கம்மா, பேரன்மாருக்கு வேணும்" என்றார்கள். போடியிலேயே அச்சகம். முழுவதையும் நானே மடிக்கணினியில் அடித்துக் கொடுத்தேன். என் வயதை நீங்கள் கணக்குப் போட வேண்டாம். விரல்கள் இன்னும் விசையைப் பார்க்காமலே அடிக்கின்றன.

அச்சகத்துக்காரர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கோப்பைத் திருத்தி எனக்குத் திருப்பி அனுப்பியபோது எண்கள் எல்லாம் சந்தையில் தொலைந்த பிள்ளைகளாக இருந்தன. தட்டச்சு இயந்திரப் பழக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நான் கையாலேயே எண் அடித்திருந்தேன். அவர் அதன்மேல் கணினி தானாகப் போடும் எண்ணையும் ஏற்றிவிட்டார். "4.2 4.2 அழுகல் நோய்" என்று எண்ணோடு எண் ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் பகுதியின் முதல் உட்தலைப்பு 4.9 என்று வந்தது. ஆறாம் பகுதியில் எல்லாம் மறுபடி 1.1 என்று புதிதாய்ப் பிறந்திருந்தன. "பாத்துக்கிறலாம்மா" என்றார். அந்தச் சொல்லை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. நானே சரிசெய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கணினியின் உதவிக் குறிப்பைத் தேடிப் படித்து, சரிசெய்யும் வழி தெரிந்தபோது, எனக்கு ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுத்த மதர் இருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைத்தேன். எண்ணை வரிக்குக் கொடுக்கவே கூடாதாம். முதலில் கையால் அடித்த எண்களை எல்லாம் அழிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தலைப்பிடமும், நீ முதல் படி, நீ இரண்டாம் படி, நீ மூன்றாம் படி என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்குத் தனித்தனியே ஸ்டைல் வைத்திருக்கிறார்கள். கடைசியில், எண்வரிசையை ஒரே ஒரு இடத்தில் திறந்து, இந்தப் படி இந்த ஸ்டைலுக்கு என்று கோத்துவிட்டு, முதல் படி மாறும்போதெல்லாம் இரண்டாம் படி ஒன்றிலிருந்து தொடங்கட்டும் என்று கட்டளையிட வேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு நடுவில் எதை நுழைத்தாலும் எதை எடுத்தாலும் கீழே இருப்பவை தாமாகவே எண்ணை மாற்றிக்கொள்கின்றன.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நடுவில் நுழைப்பது. அதற்காக நாம் போடாத சண்டையா?

எழுபதுகளில் நம் வீட்டு முன்னறையில் தட்டச்சு இயந்திரத்தின் முன் நான் இருப்பேன். நீங்கள் ஓரிடத்தில் உட்கார மாட்டீர்கள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே சொல்வீர்கள். ஒரு பகுதி முடிந்து, மெழுகுத் தாளை உருவி எடுத்து, எழுத்துப் பிழைகளுக்கு அந்த ரோஜா நிறத் திரவத்தைத் தடவி ஊதிக் காயவைத்திருப்பேன். அப்போதுதான் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வரும்.

"இந்தா கான்வென்ட்டு, நெழல்மரம் கழிக்கிறதுக்கு முந்தி இன்னொண்ணு சொல்லணும். அதை நடுவுல சொருகிரு."

"எங்கே சொருகுவது? மூன்று-ஒன்றுக்கும் மூன்று-இரண்டுக்கும் நடுவிலா? அப்படிச் சொருகினால் அதன் கீழே எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். அத்தனை தாளையும் திரும்ப அடிக்க வேண்டும்."

"அடிச்சாப் போச்சு."

"கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமே."

"கழிச்சு முடிச்சப்பறம் போயி, கழிக்குமுன்ன இதைப் பாருன்னு சொல்லச் சொல்றியா? ஓங்க மதரு அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாகளா?"

மதரை இழுத்தால் எனக்குப் பொறுக்காது என்று உங்களுக்குத் தெரியும். அதற்காகவே இழுப்பீர்கள். நான் புதுத் தாளைச் செருகி, உருளையைத் தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டுச் சுற்றுவேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள். தோள் குலுங்குவது எனக்குத் தெரியும்.

எண் போடும் யோசனை என்னுடையதுதான். ஒன்று, அதற்குள் ஒன்று-ஒன்று, அதற்குள் ஒன்று-ஒன்று-ஒன்று என்று பிரித்து எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, "ஏலத்தோட்டம் போடுறமா, ஜாமெட்ரி படிக்கிறமா?" என்று கேலி செய்தீர்கள். ஆனால் மலை அதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் மேலே தோட்டங்களில் போன் ஏது? செய்தி சொல்ல ஜீப்புக்காரர்கள்தான். நீளமான யோசனையைச் சொல்லி அனுப்பினால் போடிமெட்டு ஏறுவதற்குள் பாதி மறந்து, மீதி மாறிவிடும். எண் மறக்காது. ஏலக்காய் விற்பனை நாளன்று தோட்டக்காரர்கள் கீழே வரும்போது தாள்களை வாங்கிப் போவார்கள். பிறகு ஏதாவது நோவு என்றால் ஓர் இலையைக் கிள்ளி ஜீப்பில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் பார்த்துவிட்டு, "அவனுக்கு ரெண்டு-மூணுன்னு சொல்லிரு" என்பீர்கள். ஜீப் ஓட்டிய தாமஸ் வாசலில் நின்றே இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பார்.

"ரெண்டு-மூணு. அல்லே சாரே?"

"அதேதான். வழியில நாலாக்கிப்புடாதய்யா."

நாளடைவில் அது மலையின் பேச்சாகவே ஆகிவிட்டது. டீக்கடையில் ஒருவர், "எனக்கு இந்த வருசம் மூணு-ஒண்ணு சரியில்ல" என்பார். இன்னொருவர், "ஒனக்கு ஆறு-ரெண்டே சரியில்ல, மூணுக்குப் போயிட்ட" என்பார். மூணு-ஒண்ணு நிழல்மரம் பற்றியது; ஆறு-ரெண்டு, தோட்டத்தில் ஆள் வைத்து நடத்துவது பற்றியது. நீங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன அன்று, எனக்கு எவ்வளவு பெருமை என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "எண்ணை ஒழுங்காக உச்சரிக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்த எண்ணே ராசு அண்ணன் தோட்டத்தை அழித்தது.

முதல் முறை அனுப்பிய தாளில் நாலு-ரெண்டு, கட்டே நோய். இலையில் வெளிர்பச்சைக் கோடுகள் ஓடி, செடி வருடத்துக்கு வருடம் குறுகி, காய்ப்பு நின்றுபோகும் நோய். மருந்து கிடையாது. "தூரோடு பிடுங்கி எரித்துவிடவும்" என்று நீங்கள் சொன்னதை அப்படியே அடித்திருந்தேன். அடுத்த மழைக்கு முன், அழுகல் நோயைப் பற்றிய குறிப்பை அதற்கு முன்னால் சொருகச் சொன்னீர்கள். சொருகினோம். அழுகல் நாலு-ரெண்டாக, கட்டே நாலு-மூணாக இறங்கியது. புதுத் தாள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததாக நினைத்தோம். சிலமலை ராசு அண்ணன் அந்த விற்பனை நாளில் கீழே வரவில்லை.

மழையில் அவர் தோட்டத்துக்கு அழுகல் வந்தது. தாமஸ் கொண்டுவந்த காயைப் பார்த்துவிட்டு நீங்கள் நாலு-ரெண்டு என்று சொல்லியனுப்பினீர்கள். தண்ணீர் தேங்காமல் வடித்துவிடு, கெட்ட இலையைக் கழித்துவிட்டு மருந்தடி என்பது அதன் பொருள். ராசு அண்ணன் தன்னிடமிருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

அவர் நம் வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியானம். முன்னறையில் உட்காரக்கூட இல்லை. கை முழுக்கக் கரி. முகத்தில், சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்த ஆளின் களை.

"அண்ணே, நாலு-ரெண்ட முடிச்சிட்டேன். பூ நின்ன தூரக்கூட விடல. மேடு மொத்தமும் வெட்டவெளியாக் கெடக்கு. அடுத்து என்ன சோலி, சொல்லுங்க."

நீங்கள், "எதை முடிச்சே?" என்று கேட்டீர்கள். அவர் மடியிலிருந்து எடுத்த தாளையும் என் மேசையில் இருந்த தாளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நான் காபி கொண்டுவந்தேன். யாரும் குடிக்கவில்லை. ராசு அண்ணன் மெல்லப் புரிந்துகொண்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப புடுங்க வேண்டியது இல்லையாண்ணே?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார், ஏதோ வழி விசாரிப்பது போல.

ஏலச் செடி காய்ப்புக்கு வர மூன்று வருடம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்று வருடமும், நம் தோட்டத்தில் கிளைத்த கன்றுகளை நீங்களே சுமந்துபோய் அவர் மேட்டில் நட்டீர்கள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு தீர்வு சொன்னேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் தேதி போடலாம், பழைய தாளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுத் தாள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டீர்கள்.

"தேதி பாத்து எவன் பண்ணுவான்? நம்பர ஒருக்கா குடுத்தா குடுத்ததுதான். இனிமே மாத்தக் கூடாது. புதுசா ஏதும் வந்தா கடைசில போடு. எதையும் எடுத்தா அந்த எடம் வெறுசாவே கெடக்கட்டும்."

"சரி."

"கட்டே எந்த நம்பர்ல இருக்கு இப்ப?"

"நாலு-மூணு."

"அந்தத் தலைப்பு மட்டும் இருக்கட்டும். கீழ இருக்கிறத எடுத்துரு. புடுங்குன்னு என் பேர்ல இனி ஒரு தாளு மலை ஏறக் கூடாது."

"அப்படியானால் கட்டே வந்தவன் என்ன செய்வான்? ஏதாவது எழுத வேண்டாமா?"

"வேற வழி தெரியறப்ப எழுதுவோம். அதுவரைக்கும் நான் போறேன்."

அப்படித்தான் நாலு-மூணு வெறுமையானது. தலைப்பு உண்டு, கீழே ஒன்றும் இல்லை. என் கையால் அத்தனை நேர்த்தியாக ஒரு வெற்றிடத்தை நான் தட்டச்சு செய்தது அந்த ஒரு முறைதான்.

மலைக்கு அது சீக்கிரம் புரிந்துவிட்டது. நாலு-மூணு என்றால் நீங்கள் வருவீர்கள். தாமஸ் வாசலில் ஜீப்பை நிறுத்தி அந்த எண்ணைச் சொன்னால், சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவீர்கள். "வெரசா கம்பளியக் கொண்டா" என்பீர்கள். நான், இது நோயே இல்லாமலும் இருக்கலாம், நாளைக்குப் போனால் என்ன என்று கேட்பேன். "அதுக்குள்ள அவன் செடியில கைய வச்சிட்டான்னா?" என்பீர்கள். எத்தனையோ மத்தியானங்களில் இலையை மடித்துப் போட்டுவிட்டு, பாதிச் சோற்றை நாய்க்கு வைத்திருக்கிறேன். எரிச்சல்தான். உங்கள் நண்பர்களின் மனைவிகள் சீட்டாட்டத்தைக் குறை சொல்வார்கள். நான் ஓர் ஐந்து எழுத்துத் தலைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை என்னையும் கூட்டிப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? எண்பதுகளின் தொடக்கம். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்து, எனக்குக் காது அடைத்தது. மெட்டுக்கு அப்பால் ஒரு சரிவில், கணவன் இல்லாமல் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். அவள் உங்களைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. ஓர் இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தீர்கள். இன்னொன்றைப் பார்த்தீர்கள். பிறகு அவளிடமே கொடுத்தீர்கள்.

"நீ சொல்லு ஆத்தா. இது என்னான்னு தெரியுது ஒனக்கு?"

"கட்டேயின்னு பயமா இருக்குண்ணே."

"பயத்த விடு. கண்ணு என்ன சொல்லுது? கோடு ஓடுதா, இல்ல சும்மா வெளுத்திருக்கா?"

அவள் மூக்கைச் சிந்திவிட்டு உற்றுப் பார்த்தாள். வெயில் பட்டு வெளுத்த செடிகள்தான் பெரும்பாலும். மேலே நிழல்மரம் ஒன்று விழுந்திருந்தது. ஓரத்தில் இரண்டு தூரில் மட்டும் உண்மையாகவே நோய். அதை அவளே கண்டுபிடித்தாள். நீங்கள் குனிந்து ஒரு பக்கம் பிடித்தீர்கள், அவள் மறுபக்கம் பிடித்தாள். சேர்ந்து பிடுங்கினீர்கள். எனக்கு அதற்கு முன் தெரியாது. பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அதை ஒருவரைத் தனியாகச் செய்ய நீங்கள் விட்டதே இல்லை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறங்கும்போது ஜீப்பில், "இவ்வளவுதானா? இதை நான் ஒரு வரியில் அடித்துவிடுவேனே" என்றேன். நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டே, "இது வழியில்ல. வழி தெரியாதவன் பண்றது" என்றீர்கள்.

உங்கள் உயிர் மலையில் போகவில்லை. வீட்டில்தான், மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கைகழுவப் போன இடத்தில். எல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு ஒரு நாள், வாசலில் ஒரு ஜீப் நின்றது. தாமஸ் இல்லை, புது ஆள். எஞ்சினை அணைக்காமலே எட்டிப் பார்த்து, "நாலு-மூணு. சாரில்லே?" என்றான். அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, "இல்லை" என்றேன். அவன், "எப்ப வரும்?" என்று கேட்டான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது உங்களுக்குப் புரியும், இன்று காலை எலியைப் பார்த்ததும் நான் ஏன் கணினியை விட்டு எழுந்தேன் என்று. அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"நாலு-மூணு எங்கே?"

"எதும்மா?"

"கட்டே நோய் என்று ஒரு தலைப்பு இருந்ததே."

"ஓ, அதுவா. தலைப்பு மட்டும்தாம்மா இருந்துச்சு, கீழ ஒண்ணுமே இல்ல. தப்பா விழுந்திருச்சுன்னு எடுத்திட்டேன். நீங்க கவலையேபடாதீங்க. ஒண்ண எடுத்தா மத்ததெல்லாம் தானா மேல ஏறிக்கிரும்."

"அதுதான் என் கவலை" என்றேன்.

அவரிடம் ராசு அண்ணன் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். மலையில் இன்னும் இந்த எண்களைச் சொல்கிறார்கள் என்றதும் அவருக்கே ஆச்சரியம். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"திரும்பப் போட்டுரலாம்மா. ஆனா வெறும் தலைப்ப நம்பி வாங்குறவன் என்ன செய்வான்? பக்கம் விட்டுப்போச்சுன்னு கொண்டாந்து என் மேசையில போடுவான். அது போகட்டும். நோய் வந்தவன் அந்தப் பக்கத்தத் திருப்பிட்டு எங்க போவான்? அய்யா இருந்தாரு, வந்தாரு. இப்ப யாரு வருவா? ஒரே ஒரு வரியாச்சும் குடுங்க."

போனை வைத்துவிட்டேன். தலைப்பைத் திரும்ப அடித்து, அதற்கு இரண்டாம் படி என்று சொன்னதுமே, எலி தன் இடத்துக்கு இறங்கிற்று. பன்றி அதன் கீழே போனது. 4.3 கட்டே நோய். அதன் கீழே வெள்ளை. சுட்டும் கோடு அங்கே நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் புத்தகத்தில் என் சொல் ஒன்றுகூடக் கிடையாது. எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறேன், வாக்கியத்தை நிமிர்த்தியிருக்கிறேன், ஆனால் நீங்கள் சொல்லாத எதையும் சேர்த்ததில்லை. தட்டச்சு செய்பவரின் ஒழுக்கம் அது. அந்த ஒழுக்கம் மட்டும்தான் என்னைத் தடுத்தது என்று எழுதிவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். அந்த வெற்றிடத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் எனக்குத் தெரியும்: நீங்கள் வருவீர்கள். அதில் நானே ஒரு வரியை அடித்துவிட்டால், இனி வரமாட்டீர்கள் என்று என் விரலாலேயே எழுதிக் கொடுப்பதாகும். இத்தனை வருடமாகச் செய்யாததை ஓர் அச்சகத்துக்காரருக்காகச் செய்ய வேண்டுமா?

ஆனால் நோய் வந்தவன் எங்கே போவான் என்று அவர் கேட்டுவிட்டார். நீங்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

மத்தியானம் வரை உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை அழித்தேன். உங்கள் வார்த்தை போல எழுதிப் பார்த்தேன், அது கேலிக்கூத்தாக இருந்தது. கடைசியில், அந்தச் சரிவில் அந்தப் பெண்ணோடு நீங்கள் செய்ததை, கண்டதைக் கண்டபடி எழுதினேன்:

"இந்த நோய் என்று தோன்றினால் தனியாக முடிவு செய்ய வேண்டாம். செடி தெரிந்த இன்னொருவரை அழைத்து வந்து, இருவருமாக இலையை வெளிச்சத்தில் பார்க்கவும். பிடுங்கத்தான் வேண்டும் என்றால் இருவருமாகப் பிடுங்கவும்."

ஒரு வரி கேட்டார், மூன்றாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒருவர் இதைக் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது. ராசு அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்தார். முதுகு வளைந்துவிட்டது, காது மந்தம். மேட்டை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நீங்கள் நட்ட தூர்கள் போய், அவற்றின் கிளைகள் போய், அவற்றின் கிளைகள் காய்க்கின்றனவாம்.

"மதினி, என்ன விசயம்? ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஒன்று படித்துக் காட்ட வேண்டும். நாலு-மூணு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுல ஒண்ணும் கெடயாதே."

"இப்போது இருக்கிறது. நான் எழுதியிருக்கிறேன்."

உரக்கப் படித்தேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். மறுபடி படித்தேன். அவர் கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். தப்பு என்று சொல்லிவிட்டால் அழித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அந்த உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு.

"அண்ணே செஞ்சது இதுதான்" என்றார்.

"அப்படியானால் போகலாமா?"

"போகட்டும் மதினி." பிறகு, ஏதோ கணக்குச் சரிபார்ப்பவர் போல, "இத அப்பவே போட்டிருந்தா அத்தன தரம் மலையேறிருக்க வேண்டியதில்ல அவரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜீப்பில் நான் சொன்னதும் அதையேதானே. "ஆமாம். போட்டிருக்கலாம்" என்றேன்.

ராசு அண்ணன் தலையை ஆட்டினார். "ம்ஹூம். போடாததே நல்லதாப் போச்சு. வந்தாருல்ல."

காபி கொடுத்தேன். இந்த முறை குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, பஸ்சுக்கு நேரமாச்சு என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, "எனக்கொரு பொஸ்தகம் எடுத்து வைங்க. படிக்கிறதுக்கில்ல, மகன் கையில இருக்கட்டும்" என்றார்.

அவர் போன பிறகு கோப்பை முதலிலிருந்து ஒரு முறை பார்த்தேன். எண்கள் எல்லாம் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே இருக்கின்றன. பொருளடக்கத்திலும் சரியாக ஏறியிருக்கின்றன. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இனிமேல் தோட்டக்காரர்களுக்கு நாலு-மூணு என்றால் அந்த மூன்று வரிகள். அப்படியே இருக்கட்டும். எனக்கு மட்டும் அது பழைய பொருளிலேயே இருக்கிறது.